தேவைப் பட்டியலை வைத்துச் சோதிப்பதா, ரிஸ்க்கை வைத்துச் சோதிப்பதா?

கேள்வி: கோத்தகிரியில் ஏழு பேர் வேலை செய்யும் ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டராக இருக்கிறேன். டெஸ்டர் என்று நான் ஒருத்திதான். சிறு விவசாயிகளிடம் பச்சைத் தேயிலை வாங்கும் ஃபேக்டரிகளுக்காக ஒரு ஆப் செய்கிறோம். இலை எடுக்கும் ஏஜென்ட்டின் போன் புளூடூத் தராசோடு இணைந்திருக்கும். மூட்டையை வைத்ததும் எடை பதிவாகும், மாத முடிவில் விவசாயிக்குக் கணக்குச் சீட்டு போகும். ஆப் என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் தேவை ஆவணத்தில் 118 தேவைகள் இருக்கின்றன. கோடை மழை விழுந்து இலை கூடுவதற்குள் கொடுத்தாக வேண்டும். எனக்கு இருப்பது 9 வேலை நாள். எங்கள் எம்.டி. சார், "ஒவ்வொரு தேவைக்கும் ஒரு டெஸ்ட், ஒரு டிக், அந்தத் தாளைத்தான் ஃபேக்டரிக்காரர்கள் கேட்பார்கள்" என்கிறார். புதிதாக வந்த டீம் லீட், "ரிஸ்க் இருக்கிற இடத்தை மட்டும் பார், மற்றதை விட்டுவிடு" என்கிறார். இரண்டில் எது சரி? நான் விட்ட இடத்தில் பக் (பிழை) வந்தால் என்னைத்தானே கேட்பார்கள்? இன்னொன்று, டெஸ்டர்களுக்கான சர்வதேசச் சான்றிதழான ஐ.எஸ்.டி.க்யூ.பி. பரீட்சை எழுதினால் பிரயோஜனம் இருக்குமா?
— ஒரு வாசகி, கோத்தகிரி

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் எம்.டி.யும் லீடும் வேறு வேறு கேள்விகளைக் கேட்கிறார்கள். "செய்து தருகிறோம் என்று சொன்னதையெல்லாம் செய்தோமா?" என்கிறார் எம்.டி. "எது தவறினால் யாருக்கு எவ்வளவு நஷ்டம்?" என்கிறார் லீட். கையில் 9 நாள்தான் என்னும்போது உங்கள் நேரத்தில் பெரும்பகுதியை லீடின் கேள்விக்குக் கொடுங்கள் என்பேன். ஆனால் அவர் கடைசியில் சொன்ன "மற்றதை விட்டுவிடு" என்பதை மட்டும் ஏற்காதீர்கள். ஏன் என்று சொல்கிறேன்.

முதலில் எம்.டி. சொல்லும் முறை. ஒவ்வொரு தேவைக்கும் எதிரே அதைச் சோதிக்கும் டெஸ்ட் கேஸ்களை எழுதி, எந்தத் தேவையும் சோதிக்கப்படாமல் நிற்கவில்லை என்று அட்டவணை போட்டுக் காட்டுவது. இதைப் பழைய காலத்து வேலை என்று இளம் லீட்கள் சிலர் ஒதுக்குகிறார்கள். அதில் எனக்கு உடன்பாடு இல்லை. இந்த முறையின் பெரிய பலன் ஆப்பைத் தொடுவதற்கு முன்பே வந்துவிடும். "ஆப் வேகமாகத் திறக்க வேண்டும்" என்ற வரிக்கு டெஸ்ட் எழுத உட்கார்ந்தால், எத்தனை வினாடிக்குள், எந்த விலை போனில் என்று உடனே கேட்கத் தோன்றும். பதில் இல்லாவிட்டால் அந்த வரி இன்னும் தேவையாகவே ஆகவில்லை என்று அர்த்தம். "ஒரு மூட்டை அதிகபட்சம் 40 கிலோ" என்றிருந்தால் 39.9, 40, 40.1 மூன்றையும் போட்டுப் பார்க்கத் தோன்றும். 40.1 வந்தால் ஆப் மறுக்க வேண்டுமா, எச்சரித்துவிட்டு ஏற்க வேண்டுமா என்பதை ஆவணம் சொல்லியிருக்காது. முதல் நாளே 118 வரிகளையும் இந்தக் கண்ணோடு படியுங்கள். தெளிவில்லாதவற்றைக் குறித்து அன்று மாலையே எம்.டி.யிடம் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

ஆவணத்தில் எழுதியதைச் சோதிக்காமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய உதாரணம் ஒன்று இருக்கிறது. நாசா செவ்வாய்க்கு அனுப்பிய மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் 1999 செப்டம்பர் 23 அன்று தொலைந்துபோனது. அதன் சின்ன உந்துவிசைகளைக் கணக்கிட்ட தரைக்கட்டுப்பாட்டு மென்பொருள் பவுண்டு அளவில் எண்களைக் கொடுத்தது. வாங்கிக்கொண்ட பக்கம் அவற்றை நியூட்டன் அளவு என்று எடுத்துக்கொண்டது. வித்தியாசம் சுமார் 4.45 மடங்கு. மெட்ரிக் அளவில்தான் கொடுக்க வேண்டும் என்று, இரண்டு பக்கமும் தகவலை எப்படிப் பரிமாறிக்கொள்ள வேண்டும் என்று சொல்லும் இணைப்பு ஆவணத்தில் தெளிவாக எழுதியிருந்தது. அந்த ஒரு வரியை எடுத்து, வெளிவரும் கோப்போடு ஒழுங்காக ஒப்பிட்டிருந்தால் போதும். எம்.டி. சொல்வது போன்ற சோதனை பிடித்திருக்க வேண்டிய பிழை அது.

இதற்கு நேர் எதிரான கதை அதற்கு மூன்று வருஷம் முன்னால் நடந்தது. 1996 ஜூன் 4 அன்று ஏரியான் 5 ராக்கெட் முதல்முறையாகக் கிளம்பி, 40 வினாடிக்குள் திசை மாறிச் சிதறியது. திசையைக் கணக்கிடும் மென்பொருளை ஏரியான் 4 ராக்கெட்டிலிருந்து அப்படியே எடுத்துக்கொண்டிருந்தார்கள். புதிய ராக்கெட்டின் கிடைமட்ட வேகம் மிக அதிகம். அதோடு சம்பந்தப்பட்ட ஒரு 64 பிட் எண்ணை 16 பிட் இடத்துக்குள் மாற்றப் போனபோது இடம் கொள்ளாமல் கணினி நின்றுபோனது. திசையைக் கணக்கிடும் அந்தக் கருவிக்கான ஆவணத்திலும் சோதனையிலும் ஏரியான் 5 பறக்கப்போகும் பாதையின் எண்கள் சேர்க்கப்படவே இல்லை என்று விசாரணைக் குழு சொன்னது. அந்த ஆவணத்திலிருந்து எத்தனை டெஸ்ட் எழுதியிருந்தாலும் எல்லாவற்றுக்கும் டிக் விழுந்திருக்கும். "பழைய மென்பொருளைப் புது ராக்கெட்டில் வைக்கிறோமே, எது மாறியிருக்கிறது, எது உடையலாம்?" என்று யாராவது உட்கார்ந்து யோசித்திருந்தால்தான் அது வெளியே வந்திருக்கும். அப்படி யோசித்துச் சோதிப்பதைத்தான் உங்கள் லீட் சொல்கிறார்.

விமான மென்பொருளுக்கான டி.ஓ.-178சி என்ற விதிமுறையைப் பார்த்தால் இரண்டும் ஒன்றையொன்று தாங்குவது தெரியும். மென்பொருள் தவறினால் விமானத்துக்கு என்ன ஆகும் என்பதை வைத்து அதற்கு ஏ முதல் இ வரை நிலை கொடுக்கிறார்கள். அது ரிஸ்க் கணக்கு. நிலை முடிவானதும் டெஸ்ட்களைத் தேவைகளிலிருந்துதான் எழுதச் சொல்கிறார்கள். நிலை ஏறஏறச் சோதனையின் ஆழமும் சாட்சியும் கூடும். மென்பொருள் சோதனை பற்றிய ஐ.எஸ்.ஓ. 29119 என்ற சர்வதேசத் தர விதிகளும், 2013-இல் வந்ததிலிருந்து, ரிஸ்க்கை அடித்தளமாக வைத்தே சோதனையைத் திட்டமிடச் சொல்கின்றன. தேவைகளை வைத்துச் சோதிப்பது அதற்குள் ஒரு முறையாக வருகிறது. ஏழு பேர் கம்பெனிக்கு இந்த விதிமுறைகள் முழுசாகத் தேவையில்லை. அவற்றின் அணுகுமுறையை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்: எவ்வளவு ஆழமாகப் பார்ப்பது என்பதை ரிஸ்க் முடிவு செய்யட்டும், எதெல்லாம் சோதனைக்கு வர வேண்டும் என்பதைத் தேவை ஆவணம் சொல்லட்டும், ஆவணத்தில் இல்லாததை ரிஸ்க் பட்டியல் கொண்டு வரட்டும்.

அந்தக் கடைசி விஷயம்தான் உங்கள் ஆப்பில் முக்கியம் என்று நினைக்கிறேன். நீலகிரியில் ஃபேக்டரிக்கு இலை போடும் வீடுகளின் நிலைமை உங்களுக்கே தெரியும். அரை ஏக்கர், ஒரு ஏக்கர் வைத்திருப்பவர்களுக்கு அந்த மாதச் சீட்டில் வருகிற பணம்தான் ரேஷன், பள்ளிக் கட்டணம், உரக்கடன் எல்லாம். சீட்டில் 5 கிலோ குறைந்தால் அதை நிரூபிக்க அவர்களிடம் ஒன்றும் இருக்காது. கையால் நோட்டில் எழுதிய காலத்திலாவது எதிரே நின்று கேட்க முடிந்தது. போன் காட்டும் எண்ணை யாரிடம் போய்க் கேட்பார்கள்? அதனால் எடை, பணம், பதிவு தொலையாமல் போய்ச் சேருவது ஆகிய மூன்றையும் தொடும் எல்லாவற்றுக்கும் உங்கள் பட்டியலில் முதலிடம் கொடுங்கள்.

எனக்குத் தோன்றும் சில இடங்களைச் சொல்கிறேன். மாதக் கடைசி நாள் முதலில். பச்சைத் தேயிலையின் விலை மாதத்துக்கு மாதம் மாறும்; தேயிலை வாரியம் அறிவிக்கும் சராசரி விலையும் மாத வாரியாகத்தான் வருகிறது. 31-ஆம் தேதி மாலை 6 மணிக்குப் பள்ளத்தில் இருக்கும் ஷெட் ஒன்றில் எடை போடுகிறார்கள், அங்கே சிக்னல் இல்லை. மறுநாள் காலை ஏஜென்ட் மேலே ரோட்டுக்கு வந்த பிறகுதான் பதிவு சர்வருக்குப் போகிறது. அந்த இலைக்கு எந்த மாத விலை? "பதிவின் தேதி சேமிக்கப்பட வேண்டும்" என்று ஆவணத்தில் இருக்கலாம். சர்வருக்கு வந்த தேதியைச் சேமித்தாலும் அந்த வரிக்கு டிக் விழுந்துவிடும். இரண்டு மாதத்துக்கும் கிலோவுக்கு 2 ரூபாய் வித்தியாசம் என்று வைத்துக்கொண்டால், அன்று ஒரு ஃபேக்டரிக்கு 10,000 கிலோ வந்திருந்தால் 20,000 ரூபாய் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கம் போய்விடும். போனில் தேதி தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்பதையும் சேர்த்துப் பாருங்கள். ஏஜென்ட்களின் கையில் இருப்பது பெரும்பாலும் பழைய போன்.

அடுத்தது தசம எண். "எடை இரண்டு தசம இடத்தில் காட்டப்படும்" என்பது தேவை. திரையில் 23.46 காட்டுகிறது, சரி. கணக்குக்குப் போகும்போதும் 23.46-தானா, அல்லது 23 ஆகிவிடுகிறதா? மூட்டைக்குச் சராசரி அரைக் கிலோ போனால் 12 மூட்டைக்கு 6 கிலோ. மாதம் இரண்டு பறிப்பு என்றால் 12 கிலோ. கிலோ 20 ரூபாய் என்றால் அந்த வீட்டுக்கு 240 ரூபாய் நஷ்டம், மாதாமாதம், யார் கண்ணிலும் படாமல்.

கழிவுக் கணக்கில் வரிசை முக்கியம். மழை நாளில் ஈரத்துக்கு 10 சதவீதம் கழிக்கிறார்கள், சாக்குக்கு 1 கிலோ கழிக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். 24 கிலோ மூட்டையில் சாக்கை முதலில் கழித்தால் மிச்சம் 20.7 கிலோ. ஈரத்தை முதலில் கழித்தால் 20.6. விவசாயி சாக்கின் எடைக்கும் சேர்த்து ஈரக் கழிவு கொடுக்க வேண்டியதில்லை என்பதால் முதல் வரிசைதான் நியாயம். ஆனால் அதை நீங்களோ டெவலப்பரோ முடிவு செய்யக் கூடாது. ஃபேக்டரியிடம் கேட்டு ஆவணத்தில் ஏற்றுங்கள். ஈரக் கழிவை யார் மாற்ற முடியும், மாற்றியது விவசாயிக்குப் போகும் எஸ்.எம்.எஸ்-ஸில் தெரிகிறதா என்பதும் கேட்க வேண்டியதே.

அப்புறம் சிக்னல். பாதிப் பதிவு போய்க்கொண்டிருக்கும்போது லைன் அறுந்தால் ஆப் மறுபடி அனுப்பும். ஒரு மூட்டை இரண்டாகப் பதிவாகலாம், அல்லது பதிவே காணாமல் போகலாம். இரண்டாகப் பதிவானால் நஷ்டம் ஃபேக்டரிக்கு, பழி ஏஜென்ட்டுக்கு. அனுப்பும் நடுவில் ஏரோப்ளேன் மோடைப் போடுங்கள், ஆப்பை மூடுங்கள், போனை அணையுங்கள், ஒரு நாள் முழுக்க சிக்னலே இல்லாமல் 200 மூட்டை ஏற்றிவிட்டு ஒரே மூச்சில் அனுப்பிப் பாருங்கள். ஜூன், ஜூலை மழையில் ஏஜென்ட்டின் கை ஈரமாக இருக்கும், போன் பிளாஸ்டிக் கவருக்குள் இருக்கும், ஒரு தட்டு இரண்டு தட்டாகப் பதியும். ஈரக் கையோடு நீங்களே அழுத்திப் பாருங்கள். ஒரே ஹட்டியில் (படுகர் ஊரில்) போஜன் என்ற பெயரில் நான்கு பேர் இருந்தால் தேடும்போது சரியான போஜன் எப்படிக் கிடைக்கிறார் என்பதையும் விடாதீர்கள். பெயரைத் தேடும் வசதிக்கு டிக் போட்டிருப்பீர்கள், ஆனால் இலை வேறொருவர் கணக்கில் ஏறியிருக்கும்.

இவையெல்லாம் நான் இங்கே உட்கார்ந்து ஊகித்தவை. ரிஸ்க் முறையின் பெரிய பலவீனமும் இதுதான்: அலுவலக அறைக்குள் போட்ட பட்டியல் அந்த அறையில் இருப்பவர்களின் பயத்தை மட்டும் காட்டும். அதனால் ஒரு நாள் செலவழித்து எடை போடும் ஷெட்டுக்குப் போய் வாருங்கள். 9-இல் ஒரு நாள் போகிறதே என்று லீட் முகம் சுளித்தாலும் போங்கள். ஏஜென்ட்டிடமும், இலைக் கட்டோடு வரும் அக்காமார்களிடமும், ஃபேக்டரி கணக்கரிடமும் ஒரே கேள்வியைக் கேளுங்கள்: "போன வருஷம் எந்தக் கணக்கில் தகராறு வந்தது?" அதில் கிடைக்கும் பதில்கள்தான் உங்கள் ரிஸ்க் பட்டியலின் முதல் பக்கம். டெவலப்பரிடம் தனியாகக் கேட்க வேண்டியது வேறு: எந்தப் பகுதியை அவசரத்தில் எழுதினார், எதைத் தொட அவருக்கே தயக்கம், எது வேலையை விட்டுப் போனவர் எழுதியது. பிழை வருவதற்கான வாய்ப்பு டெவலப்பருக்குத் தெரியும். வந்தால் ஏற்படும் நஷ்டம் கணக்கருக்கும் விவசாயிக்கும் தெரியும். இரண்டையும் ஒரே ஆளிடம் கேட்டு மதிப்பெண் போடாதீர்கள்.

மதிப்பெண் என்றதும் ஒரு எச்சரிக்கை. வாய்ப்புக்கு 1 முதல் 5, பாதிப்புக்கு 1 முதல் 5, இரண்டையும் பெருக்கி வரிசைப்படுத்துவது வழக்கம். 2-ஐ 5-ஆல் பெருக்கினாலும் 5-ஐ 2-ஆல் பெருக்கினாலும் 10 வரும். ஒன்று, அபூர்வமாக நடந்தாலும் ஒரு மாதக் கணக்கு முழுவதையும் அழித்துவிடும் பிழை. இன்னொன்று, தினமும் திரையில் எழுத்து ஒன்றின்மேல் ஒன்று ஏறுவது. அட்டவணையில் இரண்டும் சமமாக நிற்கும், வாழ்க்கையில் நிற்காது. பெருக்கலை விட்டுவிட்டு, பாதிப்பு 5 என்றால் வாய்ப்பு என்னவாக இருந்தாலும் மேலே வை என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் அளவு வேலைக்கு அதிகம், நடுத்தரம், குறைவு என்று மூன்று பிரிவே போதும்.

9 நாளை இப்படிப் பிரிப்பேன். முதல் நாள் ஆவணம், இரண்டாம் நாள் ஷெட். மூன்றாவதிலிருந்து ஆறாவது வரை எடை, சிக்னல், கணக்குச் சீட்டு மட்டும். ஏழாம் நாள் மற்ற தேவைகள் எல்லாவற்றையும் ஒரு முறை லேசாகத் தொட்டுப் பார்க்கலாம்: மொழி மாற்றும் பொத்தான், பாஸ்வேர்டு மாற்றுவது, அறிக்கையை பி.டி.எஃப். ஆக எடுப்பது போன்றவை. இங்கேதான் "மற்றதை விட்டுவிடு" என்பதை நான் மறுக்கிறேன். குறைவான ரிஸ்க் என்று நாம் போட்டது நம் ஊகம்தான், ஒருமுறையாவது தொட்டுப் பார்த்தால்தான் அந்த ஊகம் தவறு என்பது தெரிய வரும். எட்டாம் நாள் திருத்தி வந்தவற்றை மறுபடி பார்க்க. ஒன்பதாம் நாளுக்கு எந்த வேலையும் போடாதீர்கள், ஏதாவது நிச்சயம் வந்து சேரும்.

இதற்கு நடுவே ஒரு வேலையை முதல் வாரத்திலேயே செய்துவிடுங்கள். ஃபேக்டரியிடம் போன மாதத்து நோட்டில் பத்து விவசாயிகளின் கணக்கைக் கேட்டு வாங்குங்கள்: எந்த நாள் எத்தனை மூட்டை, என்ன கழிவு, எவ்வளவு முன்பணம் பிடித்தார்கள், கடைசியில் எவ்வளவு கொடுத்தார்கள். அதையே ஆப்பில் ஏற்றி, வரும் தொகை நோட்டோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஒவ்வொரு புது பில்டு (ஆப்பின் புதுப் பதிப்பு) வரும்போதும் இதைத் திரும்ப ஓட்டுங்கள். தேவை ஆவணத்தில் யாரும் எழுதாத வழக்கங்கள் அந்த நோட்டுக்குள் இருக்கும். முடிந்தால் ஆப்பை முதலில் ஒரே ஒரு ஏஜென்ட்டுக்குக் கொடுத்து, முதல் மாதம் நோட்டையும் கூடவே எழுதச் சொல்லுங்கள். இதற்கு எம்.டி. சம்மதித்தாலே உங்கள் ரிஸ்க்கில் பாதி இறங்கிவிடும்.

எம்.டி. கேட்கும் தாளையும் கொடுங்கள். 118 வரிகளும் இருக்கட்டும், கூடவே இரண்டு கட்டம் சேருங்கள்: ரிஸ்க் எந்தப் பிரிவு, எவ்வளவு ஆழமாகச் சோதித்தோம். வெறும் டிக் இருக்கும் தாளில் மூன்று நாள் பார்த்ததும் மூன்று நிமிஷம் பார்த்ததும் ஒரே மாதிரி தெரியும், அது ஃபேக்டரிக்காரர்களை ஏமாற்றுவதாகிவிடும். ஆவணத்தில் இல்லாமல் ஷெட்டில் கிடைத்தவற்றை 119, 120 என்று கீழே சேர்த்து, புதிய தேவைகளாக ஒப்புதல் வாங்கிவிடுங்கள்.

உங்கள் பயத்துக்கு வருகிறேன். அது நியாயமான பயம். சிறிய கம்பெனியில் ஒரே டெஸ்டர் என்றால் எல்லாப் பக்கும் அவர் விட்டதாகத்தான் பேசப்படும். எதை ஆழமாகப் பார்க்கவில்லை, அதனால் என்ன நடக்கலாம் என்று வெளியீட்டுக்கு இரண்டு நாள் முன்னாலேயே மெயிலில் எழுதிவிடுங்கள். "பழைய ஆண்ட்ராய்டு போன்களில் சோதிக்கவில்லை. அத்தகைய போன் வைத்திருக்கும் ஏஜென்ட்டுக்குத் தராசு இணையாமல் போகலாம். சோதிக்க இன்னும் ஒரு நாள் வேண்டும்" என்கிற மாதிரி, நேரடியாக, குற்றம் சாட்டாமல். எம்.டி., லீட் இருவருக்கும் அனுப்பி, வெளியிடலாமா என்று கேட்டுப் பதில் வாங்குங்கள். வெளியிடும் முடிவு எம்.டி.யுடையது. அந்த முடிவை அவர் கண்ணைத் திறந்துகொண்டு எடுக்கும்படி தகவல் கொடுப்பது உங்கள் வேலை. எடையிலோ பணத்திலோ தெரிந்த பக் இருக்கும்போதே வெளியிடச் சொன்னால், வேண்டாம் என்று எழுத்தில் சொல்லுங்கள். இதில் மட்டும் தயங்காதீர்கள்.

ஐ.எஸ்.டி.க்யூ.பி. அடிப்படை நிலைப் பரீட்சையைத் தாராளமாக எழுதலாம். 40 கேள்விகள், 60 நிமிடம், 26 சரியாக இருந்தால் தேர்ச்சி. தாய்மொழி அல்லாத மொழியில் எழுதுபவர்களுக்கு 15 நிமிடம் கூடுதலாகத் தருகிறார்கள், பதிவு செய்யும்போதே அதைக் கேட்டு வாங்குங்கள். 2023-இல் வந்த 4.0 பாடத்திட்டத்தில் ரிஸ்க் பற்றிய பகுதி ஐந்தாம் அத்தியாயத்தில் இருக்கிறது. பாடத்திட்டம் இலவசமாகவே கிடைக்கிறது, பயிற்சி வகுப்புக்குப் பணம் கட்டுவதற்கு முன் அதை ஒருமுறை படித்துப் பாருங்கள். பரீட்சையை மட்டும் இந்த வெளியீடு முடிந்த பிறகு வைத்துக்கொள்ளுங்கள்.